யார் வந்தால் எழுந்து நிற்பீர்கள்?

போன வாரம் எங்கள் பழைய ஆஸ்பத்திரி வாட்டிலிருந்து ஷாலினி போன் எடுத்தாள். நான் ஓய்வு பெறுகிற நேரத்தில் வேலைக்கு வந்த பிள்ளை. ஊசி போடும்போது நோயாளி கண்ணை மூடுவதற்கு முன் இவள் மூடிக்கொள்வாள். இப்போது வாட்டுப் படிவங்களையெல்லாம் கம்பியூட்டரில் ஏற்றும் வேலையை அவள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

“மிஸ், வயசானவங்க விழுந்துருவாங்களான்னு பாக்குற போர்ம் இருக்குல்ல, அதுல அச்சடிச்ச கேள்வி ஆறுதான் இருக்கு. அடியில கையால ஏழாவதா ஒன்னு எழுதியிருக்கு. அதையும் ஏத்தணுமா? ஏத்துறதுன்னா ‘ஆம்’, ‘இல்லை’ன்னு ரெண்டு கட்டம் போட்டா போதுமா?”

“கட்டம் போட்டுறாத. ரெண்டு நாள் பொறு, எழுதி அனுப்புறேன்” என்றேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் அது ஒரு வரியில் அடங்குகிற பதில் இல்லை என்று தெரிந்தது.

முதலில் அந்தப் படிவம் என்னவென்று மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். வயதானவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிற நோயைவிட, ஆஸ்பத்திரிக்குள் கட்டிலிலிருந்து இறங்கும்போது விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது பெரிய கேடு. சளிக்காக வந்தவர் இடுப்பில் இரும்போடு வீட்டுக்குப் போவார். சிலர் போகவே மாட்டார்கள். அதனால் வந்த அன்றே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் புள்ளி போட வேண்டும். அண்மையில் விழுந்தாரா, வேறு நோய் இருக்கிறதா, கைத்தடி பிடிக்கிறாரா, கையில் சேலைன் ஏறுகிறதா, நடை தள்ளாடுகிறதா, புத்தி தெளிவாக இருக்கிறதா, இவைதான் அந்த ஆறு. புள்ளி கூடினால் கட்டிலின் தலைமாட்டில் மஞ்சள் அட்டை தொங்கும், குறைந்தால் பச்சை. மஞ்சள் அட்டைக்காரர் கழிவறைக்குப் போனாலும் ஒருவர் கூடவே போக வேண்டும்.

நான் புளத்கொகுபிட்டியப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். கோயில் ஃபாதர் விடாப்பிடியாக நின்று என்னைப் படிக்க வைத்தார். கண்டியில் மூன்று வருடம் நர்சிங் படித்தேன். கட்டில் விரிப்பின் மூலையை மடிக்கவும், சிங்களத்தில் கனவு காணவும் அங்கே கற்றுக்கொண்டேன். பிறகு கேகாலை மாவட்டத்தில் ஓர் ஆதார வைத்தியசாலை. அதன் பெயர் இங்கே தேவையில்லை. ஆஸ்பத்திரியிலேயே தமிழ் பேசுகிற நர்ஸ் நான் ஒருத்திதான் என்பதால் எல்லா வாட்டுக்கும் என்னை இழுத்துக்கொண்டு போவார்கள். எக்ஸ்ரே அறையில் ஒரு பாட்டி மூச்சை அடக்க வேண்டுமென்றாலும் நான் போய்ச் சொன்னால்தான் அடக்குவாள்.

எங்கள் வாட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் சோமலதா சிஸ்டர். ரம்புக்கனையிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். குட்டையான உருவம். சிங்களத்தோடு எங்கள் தோட்டத் தமிழையும் கொஞ்சம் கொச்சையாகக் கலந்து பேசுவார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எங்களையெல்லாம் ‘நங்கி’ என்று, அதாவது தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் அந்த ‘நங்கி’ இன்னும் மென்மையாகிவிடும்.

அவருடைய சட்டைப் பையில் கத்தரிக்கோல், பேனாவோடு ஒரு துண்டு வெள்ளைச் சோக்கும் இருக்கும். எங்கள் வாட்டுத் தரை பழைய சிவப்புச் சிமெந்துத் தரை. யாராவது விழுந்துவிட்டால், அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தி, டொக்டர் வந்து பார்த்துப் போனதற்கு அப்புறம், சிஸ்டர் குனிந்து அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். விழுந்தவர் எந்தப் பக்கம் பார்த்தபடி எழும்பினாரோ அந்தத் திசைக்கு ஒரு கோடு இழுப்பார். இரண்டு மாதத்துக்கு அதை யாரும் அழிக்கக் கூடாது. தரைக்குப் பொலிஷ் போடுகிற அட்டென்டன் பியசேன அந்த வட்டங்களைச் சுற்றி வளைந்து வளைந்து போவதைப் பார்த்து நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

அதோடு விடமாட்டார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, விழுந்தவரின் கட்டிலில் தானே ஏறிப் படுப்பார். அவரைப் போலவே திரும்பி, எழும்பி, எதை எட்டப் பார்த்திருப்பார் என்று தேடுவார். ஒருதடவை தண்ணீர்ப் போத்தல் கைக்கு எட்டாமல் ஒரு சாண் தள்ளியிருக்கிறது என்று கண்டுபிடித்து, வாட்டிலுள்ள எல்லாச் சின்ன அலுமாரிகளையும் ஒரே நாளில் நகர்த்த வைத்தார். அன்று பியசேன திட்டியதை இங்கே எழுத முடியாது.

அந்தோணிமுத்து ஐயா வந்தது இன்றைக்கு எட்டு ஒன்பது வருடங்களுக்கு முன்னால். எழுபத்தாறு வயது. நெஞ்சுச் சளி, காய்ச்சல், கொஞ்சம் பிரஷர். ஆள் மெலிவு, ஆனாலும் உறுதியான உடம்பு. ஐம்பது வருடம் பால் வெட்டியவர். படிவத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஐயா, இப்ப கொஞ்ச நாளைக்குள்ள எங்கயாவது விழுந்தீங்களா?”

“நானா? மழையில மலையேறி பால் வெட்டுனவன் தாயி. விழுந்திருந்தா அன்னைக்கே கத்தி குத்திச் செத்திருப்பேன்.”

“கம்பு பிடிச்சு நடக்குறீங்களா?”

“எனக்கு எதுக்குக் கம்பு? நான்தான் ஒருத்திக்குக் கம்பு.”

அந்த ஒருத்தி அவர் மனைவி ரோசம்மா. பார்வை போய் ஏழு வருடம். காலையில் முகம் கழுவத் தண்ணீர்ப் பீலிக்குப் போகவும், கழிவறைக்குப் போகவும், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகவும் அவர் முன்னால் நடப்பார். அந்த அம்மா அவர் தோளில் கை வைத்துப் பின்னால் வருவார். பிள்ளைகள் இல்லை. இப்போது பக்கத்துக் காம்பரா வீட்டிலுள்ள புஷ்பம் பார்த்துக்கொள்கிறாளாம்.

“அவளுக்கும் வேல இருக்கு, எத்தன நாளைக்குப் பாப்பா? நான் நடந்தாத்தான் அவ நடப்பா. என்னைய சட்டுனு அனுப்பிருங்க தாயி. நீங்க நம்ம தோட்டத்துப் புள்ள மாதிரி இருக்கீங்க.”

நான் சிரித்துக்கொண்டே புள்ளிகளைக் கூட்டினேன். ஒழுங்கான நடை, தெளிவான புத்தி, தடி இல்லை, சேலைன் இல்லை. தலைமாட்டில் பச்சை அட்டையை என் கையாலேயே தொங்கவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு அவருக்குப் பிரஷர் குளிசை கொடுத்தேன். படுத்துக்கொண்டே விழுங்கினார். எட்டரைக்குப் பெரிய டொக்டர் வாட்டைச் சுற்றிப் பார்க்க வந்தார். கொழும்புப் பக்கத்து மனிதர், நோயாளியின் கையைப் பிடித்தபடியே பேசுகிற நல்லவர். அவர் கதவுக்குள் கால் வைத்த உடனே அந்தோணிமுத்து ஐயா போர்வையைத் தள்ளிவிட்டுச் சட்டென்று எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார். கைகளைக் கட்டினார். நான் அடுத்த கட்டிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே முகம் வெளுத்து, முழங்கால் மடங்கி, பக்கவாட்டில் சரிந்து விழுந்தார்.

ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இடது கால் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்த விதத்திலேயே இடுப்பு போய்விட்டது என்று தெரிந்தது. அவரோ தரையில் கிடந்தபடி, “ஒன்னுமில்ல துரை, ஒன்னுமில்ல, மன்னிச்சிருங்க” என்று டொக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பகலுக்குள் அவரை ஆபரேஷனுக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அம்புலன்ஸில் ஏற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “ரோசம்மாவ யாரு பீலிக்குக் கூட்டிட்டுப் போவா?” என்று அந்த ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் திரும்பி வந்தபோது சிஸ்டர் வட்டம் போட்டு முடித்திருந்தார். அந்த இரண்டு மாதத்துக்குள் அது மூன்றாவது வட்டம். முந்திய இரண்டிலும் விழுந்தவர்கள் சின்னக் காயங்களோடு தப்பிய தோட்டத்துக் கிழவர்கள். சிஸ்டர் இடுப்பில் கை வைத்து மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நங்கி, இங்க பாரு. கழிவறை அந்தப் பக்கம். கோடு மூணும் இந்தப் பக்கம், கதவைப் பாத்து. மூணு பேரும் விழுந்தது எட்டரைக்கு. கழிவறைக்குப் போக எழும்பலை. எதுக்கு எழும்பினாங்க?”

சப்பாத்தைக் கழற்றிவிட்டு அந்தோணிமுத்து ஐயாவின் கட்டிலில் ஏறிப் படுத்தார். என்னை வெளியே போய்ப் பெரிய டொக்டரைப் போல உள்ளே வரச் சொன்னார். நான் போய் வந்தேன். “இன்னொரு தடவை” என்றார். மறுபடியும் வந்தேன்.

“எனக்கு எழும்பத் தோணலையே நங்கி. உனக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியும். வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்தே தெரியும்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அப்பாவுக்குக் கடும் காய்ச்சல். அன்று தோட்டத்துத் துரை எங்கள் லயத்து வீடுகளைப் பார்வையிட வந்தார். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த அப்பா, அவர் வருகிற சத்தம் கேட்டதும் எழுந்து, கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். துண்டு கக்கத்துக்குப் போனது. துரை எங்கள் காம்பராப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் போன பிறகு அப்பா அங்கேயே வாந்தி எடுத்தார். அன்று எனக்கு வந்த ஆத்திரம் துரை மேல் இல்லை, அப்பா மேல்தான். இனி இந்தக் காட்சியைப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்தபடியே நடந்துகொண்டும் இருந்தேன். வாட்டில் தினமும் காலை எட்டரைக்கு எங்கள் கிழவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நிற்பார்கள். நான் அந்த நேரம் பார்த்து நோட்டைப் புரட்டுவேன், குளிசைத் தட்டை எண்ணுவேன். மற்ற நர்ஸ்மாருக்கு அது ஏதோ நல்ல மரியாதை. எனக்கு அது வெட்கம். ஆறு கேள்வியையும் தமிழில் அழகாகக் கேட்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். கேட்க வேண்டிய ஒன்றை விட்டதும் நான்தான்.

எல்லாவற்றையும் சிஸ்டரிடம் சொல்லி அழுதேன். அவர் தட்டிக்கொடுக்கவில்லை, தேற்றவுமில்லை. கட்டிலிலிருந்து இறங்கிச் சப்பாத்தை மாட்டிக்கொண்டார்.

“பத்து வயசுல பாக்க மாட்டேன்னு சொன்னது சரிதான் நங்கி. இப்ப உன்னோட வேலையே பாக்கிறதுதானே?” அந்த ‘நங்கி’ எவ்வளவு மென்மையாக இருந்தது என்று எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

அடுத்த நாளே கட்டில் கட்டிலாகப் போய், “டொக்டர் வந்தா யாரும் எழும்பக் கூடாது” என்று சொன்னேன். எல்லோரும் பெரிதாகத் தலையாட்டினார்கள். எட்டரைக்கு எல்லோரும் எழுந்து நின்றார்கள். டொக்டரே கையை ஆட்டி, “இருங்க, இருங்க” என்று தனக்குத் தெரிந்த தமிழில் கெஞ்சினார். துரையே நேரில் பேசிவிட்டாரே என்று இன்னும் விறைப்பாக நின்றார்கள். மூன்றாம் நாள் அவர் வெள்ளைக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, மருந்துக் கம்பனிக்காரரைப் போல ஒரு பையோடு நைசாக நுழைந்து பார்த்தார். கதவோரக் கட்டிலில் இருந்த கிழவர், “துரை வாறாரு, எந்திரிங்கடா” என்று முழு வாட்டுக்கும் குரல் கொடுத்துவிட்டார். டொக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

கடைசியில் சிஸ்டர்தான் வழி சொன்னார். “நிக்கட்டும் நங்கி. நிக்கிறதை நிறுத்த நாம யாரு? விழாம நிக்கட்டும்.”

அன்றிலிருந்து எங்கள் முறை மாறியது. பிரஷர் குளிசை விழுங்கிப் படுத்திருப்பவர் சட்டென்று எழுந்தால் பிரஷர் இறங்கித் தலை சுற்றிவிடும். பெரிய டொக்டரிடம் பேசி, பிரஷர் குளிசைகளை அவர் வந்துபோன பிறகு கொடுப்பதற்கு மாற்றினோம். வயதானவர்கள் எல்லோருக்கும் படுத்திருக்கும்போது ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை பிரஷர் பார்த்தோம். எட்டேகாலுக்கு எல்லோரையும் எழுப்பிக் கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார வைப்போம். பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். தலை சுற்றவில்லை என்று அவர்கள் வாயாலேயே கேட்ட பிறகு, கட்டில் கம்பியைப் பிடித்தபடி நிற்கலாம். ஒருவர் முழங்கையைத் தாங்கிக்கொள்வார். நாங்கள் தலையசைக்கும் வரை டொக்டர் கதவுக்கு வெளியே காத்திருப்பார். துரை வெளியே காத்திருந்தது எங்கள் தோட்டத்துச் சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

படிவத்தின் அடியில் சிஸ்டர் சிங்களத்தில் எழுத, நான் கீழே தமிழில் எழுதினேன்: ‘யாராவது வந்தால் எழுந்து நிற்பவரா?’ ஆமென்றால் மற்றப் புள்ளியைப் பார்க்க வேண்டியதில்லை. நேரே மஞ்சள் அட்டைதான்.

அந்தோணிமுத்து ஐயா மூன்று கிழமை கழித்து எங்கள் வாட்டுக்கே திரும்பி வந்தார். ஆபரேஷன் நன்றாக நடந்திருந்தது. எலும்பு தாங்கும், எழும்பி நடக்கலாம் என்று கடிதத்தில் இருந்தது. ஆனால் மனிதர் எழும்பவில்லை. நடைப்பயிற்சி கொடுக்கும் பையன் வோக்கரைக் கொண்டுவந்து வைத்தாலே கண்ணை இறுக மூடிக்கொள்வார். “விழுந்துருவேன், என்னால ஏலாது” என்பார். அந்த உடம்புக்குள் அவ்வளவு பயம் எங்கே இருந்தது என்று எனக்குப் புரியவில்லை. டொக்டர் வருகிற நேரத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, “துரை வந்திருக்காரு, படுத்துக் கெடக்குறேனே” என்று அழுவார்.

ஒருநாள் டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். இந்தக் கிழமைக்குள் அவர் எழும்பி நிற்காவிட்டால் தசை வற்றிவிடும், பிறகு படுக்கைதான் என்று. படுக்கை என்றால் அவர் ஒருவருக்கு மட்டுமல்ல. தோட்டத்தில் ஒரு காம்பராவுக்குள் இன்னொரு ஆளும் ஏறக்குறைய ஒரு மாதமாகச் சுவரைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புஷ்பத்துக்குப் போன் எடுத்தேன்.

“மிஸ், ரோசம்மாக்கா சரியா சாப்புடுறதே இல்ல. என் தோள்ல கை வைக்கச் சொன்னா, உயரம் சரியில்லைங்கிறாங்க.”

“நாளைக்கு எப்படியாவது கூட்டிட்டு வாங்க” என்றேன்.

அடுத்த நாள் பகல், நோயாளிகளைப் பார்க்க வருகிற நேரம். வாட்டுக் கதவில் புஷ்பம் வந்து நின்றாள். அவள் தோளில் கை வைத்தபடி, வெள்ளைச் சேலையில் மெலிந்த ஓர் அம்மா. ரோசம்மாவை அன்றுதான் முதலில் பார்த்தேன். அந்தோணிமுத்து ஐயாவின் கட்டில் வாட்டின் அந்தக் கோடியில்.

“ஐயா, ரோசம்மாக்கா வந்திருக்காங்க” என்றேன்.

சுவர்ப் பக்கம் இருந்த முகம் திரும்பியது. கதவைப் பார்த்தார். பிறகு கட்டில் கம்பியைப் பிடித்து, வோக்கரைப் பார்த்தார்.

“அந்த வண்டிய இப்புடித் தள்ளுங்க தாயி.”

அவர் பக்கம் தள்ளி வைத்தேன். ஆனாலும் முறையை விடவில்லை. “மொதல்ல உக்காருங்க. கால ஆட்டுங்க. தலை சுத்துதா?”

“சுத்தல.”

“இன்னும் கொஞ்சம் பொறுங்க.”

அவசரப்படத் தேவையே இருக்கவில்லை. அந்த அம்மா ஒவ்வோர் அடியாகத் தரையைத் தடவித் தடவித்தான் வந்துகொண்டிருந்தார். சிஸ்டர் மேசையிலிருந்து எழுந்து வந்து, மறுபக்கத்து முழங்கையைப் பிடித்தார். அந்தோணிமுத்து ஐயா வோக்கரைப் பற்றிக்கொண்டு, பல்லைக் கடித்து, எழுந்தார். நின்றார்.

“தாயி, தோள்ல கெடக்குற துண்ட எடுத்துருங்க” என்றார் மெதுவாக. இரண்டு கையும் வோக்கரில் இருந்தன. நான் எடுத்தேன்.

ரோசம்மா கட்டிலை நெருங்கி, படுத்திருப்பவரைத் தொடுகிற உயரத்துக்குக் கையை நீட்டினார். அங்கே மெத்தைதான் இருந்தது. கை பதறி மேலே வந்தது. அவருடைய மார்பில் பட்டு நின்றது.

“என்னங்க, நின்னுக்கிட்டா இருக்கீங்க? துரை வந்திருக்காரா?”

“இல்ல.”

“பின்ன யாரு வந்திருக்கா?”

“நீதான் வந்திருக்கே.”

சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை. இரண்டு பேருடைய கண்ணும் சரியில்லை.

அந்த அம்மாவின் கை தானாகவே தோளுக்குப் போனது. அன்று அவர்கள் நடந்தது மூன்றே அடி. இரண்டு கிழமையில் வாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனார்கள். வீட்டுக்குப் போகும்போது வோக்கர் முன்னால், அவர் நடுவில், ரோசம்மா பின்னால். பியசேன பஸ் நிறுத்தம்வரை பையைத் தூக்கிக்கொண்டு போனான்.

அவர் எழுந்து நின்ற அன்று பின்னேரம் நான் படிவத்தைப் புதிதாக நிரப்பினேன். ஏழாவது கேள்விக்கு எதிரே ‘ஆம்’ போட்டேன். போதவில்லை என்று தோன்றியது. பக்கத்தில் ‘மனைவி வந்தால்’ என்று எழுதினேன். சிஸ்டர் வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஈரத்துணியோடு குனிந்து, அந்த மூன்றாவது வட்டத்தைத் தன் கையாலேயே துடைத்தார்.

ஆகையால் ஷாலினி, ஏழாவது கேள்வியையும் ஏற்று. ‘யார் வந்தால் எழுந்து நிற்பீர்கள்?’ என்று மாற்றியே ஏற்று. கட்டம் போடாதே. ஒரு பெயர் எழுதுகிற அளவுக்காவது இடம் விடு.